ஒரே விரல், ஐந்து நிமிடம், மூன்று எண்கள்: ஒரு வீட்டு சுகர் மீட்டருடன் நான்கு மாதம்

வாங்கிய முதல் நாள் இரவே இந்த மீட்டரைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். ஒரே விரலில் ஐந்து நிமிடத்துக்குள் மூன்று முறை குத்திப் பார்த்தேன், 168, 181, 159 என்று மூன்று விதமாகக் காட்டியது. சர்க்கரை நோய் என்று டாக்டர் சொல்லி நான்கு நாள்கூட ஆகாத நேரம், திரையில் வரும் ஒவ்வொரு எண்ணும் பரீட்சை ரிசல்ட் மாதிரி வயிற்றைப் பிசைந்த நேரம், அப்போது போய் ஒரு கருவி இப்படி மாற்றி மாற்றிச் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது. அந்தப் பெட்டி கடைசியில் எங்கும் போகவில்லை. மீட்டரின் நினைவகத்தில் இப்போது முந்நூறு சொச்சம் அளவுகள் இருக்கின்றன.

பிராண்டைச் சொல்லப் போவதில்லை. கடையில் கிடைக்கிற சாதாரண மீட்டர்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே வேலையை ஒரே விதமாகத்தான் செய்கின்றன, நான் திட்டப்போகிற குறைகளும் பல மீட்டர்களில் இருப்பவைதான்.

முதலில் அந்த மூன்று எண் விவகாரம். மீட்டரோடு வந்த கையேட்டில், யாரும் படிக்காத பொடி எழுத்துப் பக்கத்தில், ஐஎஸ்ஓ 15197 என்று ஒரு தரவிதி குறிப்பிட்டிருந்தது. 2013இல் வந்த பதிப்பு. அது சொல்வது என்னவென்றால், சர்க்கரை 100க்கு மேல் இருக்கும்போது லேப் அளவிலிருந்து 15 சதவீதம் வரை மேலேயோ கீழேயோ போகலாம், 100க்குக் கீழே இருந்தால் 15 புள்ளி வரை போகலாம். அதுவும் நூறு அளவுகளில் 95 அப்படி இருந்தால் போதும். அதாவது என் உண்மையான சர்க்கரை 168 என்றால் 143இலிருந்து 193 வரை எதைக் காட்டினாலும் மீட்டர் விதியை மீறவில்லை. என் மூன்று எண்களும் அதற்குள் வசதியாக உட்கார்ந்திருந்தன. மிஷின் மேல் தப்பே இல்லை, நான்தான் அதைத் தங்கம் நிறுக்கும் தராசு என்று நினைத்துக்கொண்டேன்.

இது புரிந்த பிறகு பாதிக் கவலை போய்விட்டது. நேற்று 142, இன்று 150, ஐயோ ஏறிவிட்டதே என்று முதல் பத்து நாள் புலம்பியதெல்லாம் வீண். அந்த வித்தியாசம் மீட்டரின் சொந்த ஆட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். 140 இருந்த இடத்தில் வாரம் முழுக்க 190 வந்தால் அது செய்தி.

சந்தேகம் விடாமல், லேபில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்த கையோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து விரலில் குத்திப் பார்த்தேன். லேப் 131, மீட்டர் 138. எனக்கு அது போதும். நீங்களும் ஒப்பிட்டுப் பார்ப்பதென்றால் வெறும் வயிற்றிலேயே பாருங்கள். சாப்பிட்ட பிறகு விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை நரம்பில் எடுக்கும் ரத்தத்தைவிட அதிகமாகவே இருக்கும், உடம்பு அப்போது சர்க்கரையை வழியிலேயே உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தைத்தான் நரம்புக்கு அனுப்புகிறது. அந்த நேரத்தில் ஒப்பிட்டு மீட்டரைத் திட்டினால் பாவம்.

விரலில் குத்தும் பேனாவைப் பற்றி. ஆழத்தை மாற்ற 1 முதல் 5 வரை ஒரு திருகு இருக்கிறது, எனக்கு 2 போதும். முதல் வாரம் விரலின் நட்ட நடுவில் குத்திக்கொண்டு, ஃபோனில் டைப் அடிக்கக்கூட முடியாமல் அலைந்தேன். நுனியின் பக்கவாட்டில் குத்தினால் வலி பெரிதாகத் தெரியாது. துளி வரவில்லையென்றால் விரலைப் பிழியாதீர்கள், பிழிந்தால் ரத்தத்தோடு திசுநீரும் கலந்து வந்து எண்ணைக் கெடுக்கும். கையை வெதுவெதுப்பான நீரில் கழுவி, கொஞ்ச நேரம் கீழே தொங்கவிட்டுப் பிறகு குத்தினால் தானாக வரும். பேனா போடும் 'டக்' சத்தம் மட்டும் ஊசியைவிட மோசம், நான்கு மாதம் ஆகியும் அந்தச் சத்தத்துக்குக் கண்ணை மூடிக்கொள்கிறேன். ஊசியை ஒவ்வொரு முறையும் மாற்றச் சொல்கிறார்கள். பேனாவை வீட்டில் இன்னொருவருக்குக் கொடுப்பது ஊசியை மாற்றினாலும் கூடாது, ஹெபடைடிஸ் பி அப்படியும் பரவியிருக்கிறது. விருந்தினர் யாராவது "எனக்கும் ஒரு தடவை பார்த்துச் சொல்லேன்" என்றால் சிரித்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

கை கழுவுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னை நிஜமாகவே பயமுறுத்திய எண் அதனால்தான் வந்தது. ஒரு மதியம் 243. அன்று பெரிதாக எதுவும் சாப்பிடவில்லை. விரலைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டுத்தான் குத்தினேன், ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் குழந்தைக்குப் பழம் உரித்துக் கொடுத்திருந்தேன். ஏதோ தோன்றி சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து மறுபடி பார்த்தால் 151. கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. மீட்டரில் செருகித் துளியைத் தொட வைக்கும் இந்த ஸ்ட்ரிப் எடுத்துக்கொள்ளும் ரத்தம் அரை மைக்ரோலிட்டர். 150 என்று காட்டும் அரை மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இருக்கும் மொத்தச் சர்க்கரையே ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. விரல் ரேகைக்குள் ஒளிந்திருக்கும் பழச்சாறு அந்தத் துளியில் கலந்தால் எண் எங்கே நிற்கும்? ஸ்பிரிட் கிருமிக்குச் சரி, சர்க்கரையைக் கழுவ அதை நம்ப முடியாது, தண்ணீரும் சோப்பும்தான். வெளியில் இருக்கிறீர்கள், கழுவ வழியில்லை என்றால் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியைப் பயன்படுத்தலாம்.

ஸ்ட்ரிப்தான் இந்தக் கருவியின் உயிர், மீட்டர் வெறும் திரை. ஸ்ட்ரிப்பின் நுனியில் ஒரு நொதி பூசியிருக்கிறார்கள், அது ரத்தச் சர்க்கரையோடு வினைபுரியும்போது உண்டாகும் மின்னோட்டத்தைத்தான் மீட்டர் அளக்கிறது. ஈரக்காற்று பட்டால் அந்த நொதி கெட்டுவிடும். எனக்கு இது தெரியாது. பயணத்துக்கு வசதியாக இருக்கட்டும் என்று பத்து ஸ்ட்ரிப்பைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டுபோனேன், நான்கு நாளில் பாதி 'எர்ரர்' என்றது, மீதி சம்பந்தமில்லாத எண்களைக் காட்டியது. அவை வந்த குப்பியின் மூடிக்குள் ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கிறது, அதிலிருந்து எடுத்த உடனே மூடிவிட வேண்டும். அப்புறம் குப்பியைத் திறந்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள், அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதி திறக்காத குப்பிக்குத்தான், திறந்த பிறகு எத்தனை நாள் என்பதைத் தனியாகப் போட்டிருப்பார்கள்.

ஸ்ட்ரிப் சரியாக இருக்கிறதா என்று பார்க்க கன்ட்ரோல் சொல்யூஷன் என்று ஒரு திரவம் உண்டு. ரத்தத்துக்குப் பதில் அதில் ஒரு சொட்டு வைத்தால், குப்பியில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் எண் வர வேண்டும். இந்தப் பெட்டியில் அது இல்லை. தனியாகக் கேட்டால் கடைக்காரர் "அதெல்லாம் யாரும் வாங்க மாட்டாங்க" என்றார். புதிதாக நோய் வந்தவனுக்கு முதலில் தேவைப்படுவதே அதுதான். பகட்டான உறை கொடுத்ததற்கு அந்தக் குட்டிப் பாட்டிலைக் கொடுத்திருக்கலாம்.

அதே சமயம் குறை சொல்லும்போது ஒன்று நினைவில் வருகிறது. 1970இல் வந்த ஏம்ஸ் ரிஃப்ளெக்டன்ஸ் மீட்டர்தான் இந்தக் கருவிகளுக்கெல்லாம் மூத்தது, ஒரு கிலோவுக்கு மேல் எடை. பெரிய சொட்டு ரத்தம் வைத்து, ஒரு நிமிடம் காத்திருந்து, ஸ்ட்ரிப்பைத் தண்ணீரில் கழுவி, அப்புறம் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நோயாளிகளுக்கு விற்கவே மாட்டார்கள். சிறு வயதிலேயே சர்க்கரை நோய் வந்த ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பொறியாளர், மனைவி டாக்டராக இருந்ததால் அவர் பெயரில் வாங்கித் தனக்குத்தானே சோதித்துப் பார்க்க ஆரம்பித்தார். நான் ஐந்து விநாடி காத்திருக்கச் சலித்துக்கொள்கிறேன்.

சரி, எண்களுக்கு வருவோம். மீட்டர் காட்டும் எண்ணை எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் நான் அதிகம் தடுமாறினேன், கையேடு இதில் சுத்தமாகக் கைவிட்டுவிட்டது. தலைக்குள் மூன்று விதமான எல்லைகள் குழம்பிக் கிடந்தன. லேப் ரிப்போர்ட்டில் வெறும் வயிற்றில் 100க்குக் கீழே இருந்தால் நார்மல் என்று அச்சிட்டிருக்கும். அது நோய் இல்லாதவர்களுக்கான எல்லை. 126, அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். அது நோயைக் கண்டுபிடிக்கும் எல்லை, அதையும் லேபில்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும், வீட்டு மீட்டரில் இல்லை. மூன்றாவதுதான் ஏற்கெனவே நோய் இருப்பவர் எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கு. அமெரிக்க டயபடீஸ் அசோசியேஷன் பெரும்பாலான பெரியவர்களுக்குச் சொல்வது, சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, சாப்பிடத் தொடங்கி ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்தில் 180க்குக் கீழே. கர்ப்பிணிகளுக்கு இதைவிட இறுக்கமாகவும், வயதானவர்களுக்குக் கொஞ்சம் தளர்வாகவும் டாக்டர் வேறு எண் கொடுப்பார். நான் என்ன செய்தேன் தெரியுமா, சாப்பிட்ட பிறகு வந்த 165ஐ லேப் ரிப்போர்ட்டின் 100 என்ற எல்லையோடு ஒப்பிட்டு ஒரு வாரம் தூங்காமல் கிடந்தேன். 165 அந்த நேரத்துக்கு இலக்குக்குள் இருக்கும் நல்ல எண்.

இதற்கு மீட்டரும் உடந்தை. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு முகம் காட்டும். எல்லைக்குள் இருந்தால் சிரிக்கும், தாண்டினால் உதட்டைப் பிதுக்கும். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று பட்டனை அழுத்திக் குறிக்காவிட்டால் எல்லாவற்றையும் முன் என்றே எடுத்துக்கொண்டு 130க்கு மேல் போன எல்லாவற்றுக்கும் அழுமூஞ்சி போடுகிறது. இந்தக் குறிக்கும் வசதி மூன்று மெனுவுக்கு உள்ளே ஒளிந்திருப்பதை ஆறாவது வாரம்தான் கண்டுபிடித்தேன். ஆறு வாரம் ஒரு பொம்மை முகம் என்னைத் திட்டிக்கொண்டிருந்தது. இதை வடிவமைத்தவர் ஒருநாள்கூட விரலில் குத்திக்கொண்டிருக்க மாட்டார்.

இன்னொரு விஷயம், காலை எண். ஆரம்பத்தில் காலையில் மட்டும்தான் பார்த்தேன், அதுதான் முக்கியம் என்று யாரோ சொன்னார்கள். 140, 144, 138. இரவுச் சாப்பாட்டைக் குறைத்தேன், சீக்கிரம் சாப்பிட்டேன், அசையவில்லை. ஒரு நாள் படுக்கும் முன் பார்த்தால் 118, விடிந்து பார்த்தால் 139. இடையில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, சாப்பிடாமல் எப்படி ஏறும், மிஷின்தான் பொய் சொல்கிறது என்று மறுபடி பெட்டியைத் தேடினேன். பொய் சொல்லவில்லை. விடியற்காலையில் உடம்பு எழுந்திருக்கத் தயாராகும்போது கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை கூடுகின்றன, கல்லீரல் தன் இருப்பிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது, இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு அதை அடக்க முடிவதில்லை. நோய் இல்லாதவர் உடம்பிலும் இது நடக்கிறது, அங்கே இன்சுலின் சத்தமில்லாமல் சமாளித்துவிடும். எனக்குக் கொடுத்திருக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையின் முக்கிய வேலையே கல்லீரலின் இந்தத் தாராளத்தைக் குறைப்பதுதான், அதற்குச் சில வாரம் பிடிக்கும் என்று டாக்டர் விளக்கினார். காலை எண் முந்தைய இரவுச் சாப்பாட்டுக்கான மார்க் என்று நினைத்துப் பட்டினி கிடந்ததுதான் மிச்சம்.

அப்புறம்தான் ஜோடியாகப் பார்க்க ஆரம்பித்தேன். சாப்பாட்டுக்குச் சற்று முன் ஒன்று, முதல் கவளம் வாயில் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. முடித்ததிலிருந்து இல்லை, தொடங்கியதிலிருந்து. மெதுவாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அரை மணி நேரம் இதிலேயே தப்பிப் போகும். இன்று காலைச் சாப்பாடு, நாளை மதியம், மறுநாள் இரவு என்று சுற்றிச் சுற்றி, நாளுக்கு இரண்டே ஸ்ட்ரிப். தனி எண் எனக்குச் சொல்லாததை இந்த வித்தியாசம் சொன்னது. 128இலிருந்து 160 என்றால் அந்தச் சாப்பாடு எனக்கு ஒத்துப்போகிறது. 115இலிருந்து 205 என்றால், முதல் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும், தட்டில் மாவுச்சத்து அளவு மீறிவிட்டது. அதே சாப்பாட்டை மறுவாரம் சாப்பிட்டுவிட்டு இருபது நிமிடம் நடந்து பார்த்தேன், இரண்டாவது எண் 170களில் நின்றது. ஒரு முறை நடந்ததை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று இன்னும் இரண்டு முறை செய்து பார்த்தேன், ஏறத்தாழ அப்படியேதான். டாக்டர் நடக்கச் சொன்னபோது தலையாட்டியதோடு சரி, அந்த மூன்று ஜோடியைப் பார்த்த பிறகுதான் செருப்பை வாசலில் தயாராக வைத்தேன். சளிக்காய்ச்சல் வந்த வாரம் எல்லாமே முப்பது நாற்பது ஏறி நின்றது, நோய்த்தொற்று, மன அழுத்தம், தூக்கமின்மை, ஸ்டீராய்டு மாத்திரை எல்லாம் ஏற்றும். அதனால் நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தையாவது எழுதுவேன்.

மீட்டரின் சராசரி வசதியை நம்பி ஏமாந்த கதையும் உண்டு. பட்டனை அழுத்தினால் 30 நாள் சராசரி காட்டும், எனக்கு 134. கடந்த சில மாதச் சர்க்கரையின் போக்கைச் சொல்லும் லேப் டெஸ்ட்தான் ஹெச்பிஏ1சி, சராசரியை அதுவாக மாற்ற ஒரு சூத்திரம் இருக்கிறது, ஹெச்பிஏ1சி-யை 28.7ஆல் பெருக்கி 46.7ஐக் கழித்தால் சராசரிச் சர்க்கரை. திருப்பிப் போட்டால் எனக்கு 6.3 வர வேண்டும். துள்ளிக் குதித்துக்கொண்டு லேபுக்குப் போனேன், 7.1 வந்தது. அதாவது சராசரி 157. மிஷின் கணக்கில் தவறவில்லை, நான் அதற்குக் கொடுத்த எண்களில் பெரும்பாதி காலையிலும் சாப்பாட்டுக்கு முன்னும் எடுத்தவை. சாப்பிட்ட பிறகு ஏறின உச்சிகள் அதற்குத் தெரியவே தெரியாது. போதாக்குறைக்கு ஹெச்பிஏ1சி இரண்டு மூன்று மாதத்தைப் பேசுவது, மாத்திரை வேலை செய்யத் தொடங்காத முதல் வாரங்களும் அதில் சேர்த்தி. ரத்தசோகை இருப்பவர்களுக்கு மீட்டர் எண்ணும் இந்த டெஸ்டும் இரண்டுமே தடம் மாறலாம், அப்படி இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மீட்டர் எனக்கு நிஜமாகவே கைகொடுத்தது ஒரு மாலையில். கை நடுங்கி, வியர்த்து, பசி வயிற்றைக் கிள்ளியது. லோ சுகர் என்று முடிவு செய்து இனிப்பைத் தேடிப் போனவன், எதற்கும் பார்ப்போம் என்று குத்தினேன். 84. பல மாதம் 200க்கு மேல் பழகிய உடம்புக்கு நார்மலே பள்ளமாகத் தெரியுமாம், சில வாரத்தில் பழகிவிடும் என்றார் டாக்டர். 70க்குக் கீழே போனால்தான் லோ. அப்போது வேகமாக ஏறும் சர்க்கரை 15 கிராம் சாப்பிட்டு, 15 நிமிடம் பொறுத்து, மறுபடி பார்க்க வேண்டும், ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. 54க்குக் கீழே என்றால் ஆபத்து, தனியாக இருக்காதீர்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இது அரிது, இன்சுலினோ கணையத்தைத் தூண்டும் கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் இதை மனப்பாடமே செய்துகொள்ள வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். எதிர்ப்பக்கம், எண்ணுக்குப் பதில் 'ஹெச்ஐ' என்று திரையில் வந்தால் அது ஹலோ இல்லை, பல மீட்டர்களில் 600ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். கையைக் கழுவி உடனே ஒரு முறை பாருங்கள், மறுபடியும் அதுவே வந்தால் நேரே ஆஸ்பத்திரி. தொடர்ந்து 300க்கு மேல் இருந்து கூடவே வாந்தி, மூச்சுவாங்கல், குழப்பம் இருந்தாலும் அப்படியே.

அளவீட்டு முறை பற்றி ஒரு வரி. நண்பர் ஒருவர் தன் மீட்டர் 7.2 காட்டுவதாகப் பெருமைப்பட்டார், நான் அதை ஹெச்பிஏ1சி என்று நினைத்து ஆறுதல் வேறு சொன்னேன். அவர் மீட்டர் மில்லிமோல் கணக்கில் இருந்தது. 18ஆல் பெருக்கினால் என் மீட்டரின் மில்லிகிராம் கணக்கில் 130.

ப்ளூடூத்தில் ஃபோன் செயலிக்கு எண்கள் போகும், வண்ணமயமாகக் கோடுகள் வரையும், நான் பத்து நாளில் விட்டுவிட்டேன். டாக்டர் பார்த்தது என் நோட்டைத்தான். நான்கு கட்டம் போட்ட பக்கங்களை ஒரு நிமிடம் புரட்டிவிட்டு, "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எதுவுமே பார்க்கலையே?" என்று கேட்டார். தூங்கிவிடுவேன் என்றேன். இப்போது அலாரம் வைத்திருக்கிறேன்.

குத்தாமலே சர்க்கரை காட்டும் வாட்ச், மோதிரம் என்று வரும் விளம்பரங்களில் சபலப்பட்டவர்களுக்கு: அப்படி எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வேறு விஷயம், அது தோலுக்கடியில் போய்த் திசுநீரை அளக்கிறது, ரத்தத்துக்குச் சில நிமிடம் பின்தங்கி வரும். நான் பயன்படுத்தியதில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அளவில் நேர்மை, ஐந்து விநாடி வேகம், பேட்டரி நான்கு மாதமாக மாற்றவில்லை, இதற்கெல்லாம் முழு மார்க். கன்ட்ரோல் சொல்யூஷன் இல்லாததற்கு அரை, அந்த முகத்துக்கு முழுதாக ஒன்று கழித்தாயிற்று. வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, திரையில் வெளிச்சம் வருகிறதா, சாப்பாட்டுக்கு முன் பின் குறிக்க வெளியிலேயே பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள், அந்த மாடலுக்கான ஸ்ட்ரிப் எப்போதும் ஸ்டாக் இருக்குமா என்றும் கேட்டுவிடுங்கள். எனக்கு மூன்றாவது குப்பி வாங்கப் போனபோது இல்லை என்று சொல்லி ஒன்பது நாள் காக்க வைத்தார்கள், நோட்டில் அந்த ஒன்பது வரி இன்னும் காலியாகவே இருக்கிறது.